மூன்றாம் சக்கரத்து மஜெல்லா

“இன்னொரு தடவ சொல்லு ஃபிலோமினா. அந்த டீயைக் கீழ வச்சுட்டுச் சொல்லு.”

“சொல்றதுக்கென்ன பெக்? ஊரே சொல்லுது. ரேஸ் வண்டில தொங்கினப்ப இருந்த தைரியம், யாவாரம் படுத்தப்ப எங்க போச்சு? புருஷன் கடன்ல முங்குறான், இவ கோட்ட மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான்.”

“எந்த ஊரு சொல்லுது? கல்குவாரிப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பாக்காத ஊரா?”

“கட்டினவன விட்டுட்டுப் போனவளுக்கு இவ்வளவு வக்காலத்தா? ஞாயித்துக்கிழமை ஃபாதர் மூஞ்சில எப்படி முழிப்ப நீ?”

“ரெண்டு கண்ணாலயும் முழிப்பேன். நீ கிளம்பு. டீ ஆறிப்போச்சு.”

ஃபிலோமினா டியூட் கிளம்பினாள். நேரே தபாலாபீசுக்குப் போய், பெக் கிர்வன் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடுவில் எதையும் நல்லபடியாக மாற்றக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அடித்ததை அடித்தான் என்றே எழுது பெண்ணே, கை ஓங்கினான் என்று எழுதாதே.

மஜெல்லா எங்கள் வீட்டுக்கு இரண்டு வயல் தள்ளி இருந்த ரூனி வீட்டுப் பெண். தகப்பன் சீக்கிரம் போய்விட்டான். தாயும் மகளுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். ஆள் சின்னது, கோழிக்குஞ்சு போல எடை, ஆனால் கையில் அவ்வளவு பலம். கன்றுக்குட்டி பிறக்க முடியாமல் கிடந்தால் காலைப் பிடித்து இழுக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். லோர்கன் ஹால்பென்னி அவளைக் கல்யாணம் செய்துகொண்டது கண்ணுக்காகவா, கைக்காகவா என்று நாங்கள் கேலி பேசுவோம். கைக்காகத்தான் என்று அவனே ஒத்துக்கொள்வான். அவனுக்கு மூன்று சக்கர ரேஸ் வண்டி ஓட்டும் பைத்தியம் இருந்தது. அதில் முன்னால் ஓட்டுகிறவன் ஒருவன், பக்கத்துத் தட்டில் தொங்குகிறவன் ஒருவன் வேண்டும். அவனோடு தொங்கியவர்கள் எல்லாரும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்கவில்லை. மஜெல்லா நின்றாள்.

கோடையில் எங்கள் சாலைகளை மூடிவிட்டு அதிலேயேதான் ரேஸ் விடுவார்கள். கல்சுவர், தந்திக்கம்பம், வீட்டு வாசற்படி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே வைக்கோல் கட்டைச் சாய்த்துக் கட்டுவார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. என் வீட்டுப் பக்கச்சுவர் ஒரு வலது வளைவின் வெளிப்பக்கம் நிற்கிறது. கிர்வன் சுவர் என்றே அந்த வளைவுக்குப் பெயர். சாலை மூடியபின் வெளியே போக முடியாது. அதனால் நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றபடி, ரேஸ் எஞ்சினுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெயின் புகை மூக்கில் ஏற, எல்லாரும் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

லோர்கனும் மஜெல்லாவும் வரும்போது மட்டும் ரொட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

அவன் முழங்காலிட்டு, நெஞ்சைப் பெட்ரோல் தொட்டிமேல் அழுத்தி, குனிந்து வருவான். அவளுக்கு இடப்பக்கம் ஒரு தட்டு, பிடிக்க இரண்டு கம்பி. இடது வளைவு வந்தால் தட்டுக்கு வெளியே முழு உடம்பையும் தொங்கவிடுவாள். தோள் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் போகும். வலது வளைவு வந்தால் எழுந்து பாய்ந்து அவன் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரத்தின்மேல் படுத்துக்கொள்வாள். அவள் பாய்வதற்குள் அவன் வேகத்தைக் கூட்டிவிட்டால் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் கிடப்பாள். அவள் பாயாமல் விட்டால் வண்டி கவிழ்ந்து இரண்டு பேரும் கிடப்பார்கள்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் இருப்பவன் ஒருபோதும் திரும்பிப் பார்க்கக் கூடாது. வண்டி வழியாகவே அவள் எடை அவனுக்குத் தெரிய வேண்டும். முட்டியில், இடுப்பில், உள்ளங்கையில் தெரிய வேண்டும். திரும்பிப் பார்த்தவனைச் சாராயக் கடையில் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்கள். “என்ன, பொண்டாட்டி கூடத்தான் இருக்காளான்னு சந்தேகமா?” என்று கேட்பார்கள். லோர்கன் திரும்பியதே இல்லை. அதில் அவனுக்குப் பெரிய பெருமை. அவளுக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் முன்னால் போன வண்டி என் சுவரடியில் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. இவர்கள் வந்தார்கள். மஜெல்லா பின்னால் பாய்ந்துவிட்டாள், எல்லாம் சரியாகத்தான் செய்தாள். முன்சக்கரம் பிடியை விட்டுவிட்டது. வைக்கோல் வெடித்தது. வீடு ஆடியது. அலமாரியிலிருந்து என் மாமியாரின் நீலக் கிண்ணம் விழுந்து உடைந்தது. நான் ஜன்னல் வழியாகவே ஏறிக் குதித்தேன், அப்போது எனக்கு இடுப்பு நன்றாக இருந்தது. வண்டி தலைகீழாகக் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. லோர்கனுடைய காறை எலும்பு தோல் சட்டைக்குள்ளேயே மேலே துருத்திக்கொண்டு நின்றது. அவளுக்கு இடுப்பில் தோல் சட்டை கிழிந்து, அதன்கீழ் சொந்தத் தோலும் போய், தட்டு அகலத்துக்குச் சிவப்பு. அந்தச் சிவப்பில் எங்கள் சாலையின் கல் பொடிப்பொடியாகப் பதிந்திருந்தது.

“ஜெல்! ஜெல், உசுரோட இருக்கியா?”

“எம் பல்லெல்லாம் இருக்கான்னு பாரு, பாத்துட்டுச் சொல்றேன்.”

“இருக்கு. வாயை மூடு, அசிங்கமா இருக்கு.”

“உன் தோள் காதுகிட்ட வந்துருச்சு லோர்கன். சட்டை தைக்கிறவன் பாவம்.”

இருவரும் சிரித்தார்கள். இரத்தம் ஒழுக ஒழுகச் சிரித்தார்கள். ஒரே ஆம்புலன்ஸில்தான் ஏற்றினார்கள். அந்தச் சிரிப்பு கதவு மூடிய பிறகும் எனக்குக் கேட்டது. அன்றைக்கு ஃபிலோமினா என் முற்றத்தில் நின்று, “என்ன ஜோடி! என்ன தைரியம்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நினைவிருக்கிறதா ஃபிலோமினா?

அதற்குப் பிறகுதான் லோர்கனுக்குத் தொழில் ஆசை வந்தது. அவர்கள் குடியிருந்த ரூனி வீட்டுக்குப் பின்னால் பழைய கல்குவாரி ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. எங்கு பார்த்தாலும் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், ஜல்லிக்கு அலைந்தார்கள். பழைய கிரஷர் ஒன்றை எங்கிருந்தோ லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இரும்புத் தாடை இரண்டு, ஒன்று அசையாது, ஒன்று மென்றுகொண்டே இருக்கும். மேலே வாயில் பாறையைத் தள்ளினால் கீழே ஜல்லியாக விழும்.

ஊர் தலையில் அடித்துக்கொண்டது. நூறு மைல் வேகத்தில் சுவரை உரசிக்கொண்டு போனபோது கைதட்டியவர்கள் எல்லாரும், “சொந்தத் தொழிலா? பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்றார்கள். நம் ஆட்கள் அப்படித்தான். வண்டியில் செத்தால் சவப்பெட்டிக்குப் பின்னால் மைல் கணக்கில் மழையில் நடப்பார்கள். கடை வைத்துத் தோற்றவனைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நான் மட்டும் பையனைத் தடுக்கவில்லை. நல்லது என்றே நினைத்தேன்.

“யாவாரமும் ரேஸும் ஒண்ணுதான் மிஸஸ் கிர்வன்,” என்று என் அடுப்படியில் நின்று சொன்னான். “கடைசில பிரேக் போடறவன் ஜெயிப்பான். முதல்ல பிரேக் போடறவன் அடுத்த வருஷம் வேடிக்கை பாக்க வருவான்.”

“பிரேக்கே போடாதவன்?”

“அவன் உங்க வீட்டுக்குள்ள வருவான், சுவரோட.” சிரித்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு. அதை மறுக்க மாட்டேன்.

அந்த மெஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. டீசல் எஞ்சின் கிளம்புவதற்கு உயிரை எடுக்கும். அதனால் காலையில் கிளப்பினால் மாலை வரை நிறுத்த மாட்டான். வாயில் பாறை சிக்கிக்கொண்டால் கிளட்ச் கம்பியைத் தள்ளித் தாடையை மட்டும் நிறுத்துவான். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், காது கேட்காது. ஒரு ஆள் மேலே ஏறி, வாய் ஓரத்து இரும்புத் தகட்டில் நின்று, கடப்பாரையால் பாறையை நெம்பிவிட்டுக் கீழே குதிக்க வேண்டும். பிறகு கம்பியை இழுத்தால் தாடை மெல்லும். கம்பி இருக்கும் இடத்தில் நின்றால் முதுகுதான் வாய்ப்பக்கம் இருக்கும். மேலே ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும்.

லோர்கன் திருப்ப மாட்டான். “ஆளு குதிச்சா மெஷினோட இரும்புச் சட்டம் ஒரு தடவ அதிரும். எங்கால்ல தெரியும்,” என்பான். தெரிந்ததும் உண்மைதான். மஜெல்லா இரண்டு காலையும் சேர்த்துத் தகட்டை உதைத்துக் குதிப்பாள், அவன் கம்பியை இழுப்பான். பழைய வண்டி போலவே ஓடியது. வந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். ஜல்லியும் நன்றாகப் போயிற்று. இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறத்தில் பூசைக்கு வருவார்கள், காதுக்குள் கூடத் தூசி.

வேலை கூடியதும் மேட்டி கரலனைச் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவன், பேச்சு குறைவு, என்னைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவான். ஒரு வியாழக்கிழமை பாறை சிக்கியது. மஜெல்லா கீழே ஜல்லியை வாரிக்கொண்டிருந்தாள், மேட்டி மேலே ஏறினான். கடப்பாரைக்கு அசையவில்லை. கையாலேயே பிடித்து ஆட்டிப் பார்க்கலாம் என்று கடப்பாரையைத் தகட்டில் போட்டான். அது சட்டத்தை ஒரு தடவை அதிரவைத்தது.

லோர்கனுக்குக் காலில் தெரிந்தது. கம்பியை இழுத்தான்.

எஞ்சின் சத்தத்தைத் தாண்டி அந்தக் குரல் எனக்குக் கேட்டது. நான் அப்போது அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் மஜெல்லாவுக்குத் துணி உலர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பன்றியை யாரோ சரியாகக் குத்தத் தெரியாமல் குத்துகிறார்கள் என்று நினைத்து ஓடினேன். போனால், தாடை மேட்டியின் கையை முழங்கைக்கு மேலே மென்றுகொண்டிருந்தது. அவன் முகம் தகட்டில் அழுந்திக் கிடந்தது. மஜெல்லா லோர்கனைத் தோளால் இடித்து விலக்கிவிட்டுக் கம்பியைத் தள்ளினாள். தாடை நின்றது. ஏறினாள். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அக்குளுக்குக் கீழே கட்டி, கடப்பாரை முனையை அதில் செருகி முறுக்கினாள். இரத்தம் அவள் வாயிலும் கண்ணிலும் அடித்தது, துப்பிவிட்டு முறுக்கினாள். கை மெஷினிலேயே இருந்துவிட்டது. ஆள் பிழைத்தான். அவளால் பிழைத்தான்.

லோர்கன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். “குதிச்சான். நான் உணர்ந்தேன். குதிச்சான்,” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேட்டியின் தம்பிகள் டின்னியும் ஜெம்மும் வந்தார்கள். பூசைக்குப் போட்ட கோட்டைக் கழற்றி என் வேலியில் அழகாகத் தொங்கவிட்டார்கள். மண்வெட்டிக் காம்பு ஆளுக்கொன்று. நான் பின்னாலேயே ஓடினேன். லோர்கனைக் குவாரி முற்றத்தில் வைத்து அடித்தார்கள். முதல் அடியிலேயே மண்டியிட்டான். விலா எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த குச்சி போலக் கேட்டது. அவன் கையை உயர்த்தக்கூட இல்லை. மஜெல்லா மண்வாரியை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து வந்தாள். ஜெம்மின் காதோடு சேர்த்து ஒன்று போட்டாள். காது பாதி தொங்கியது. டின்னி திரும்பினான், யார் என்று பார்க்காமலே வீசினான். காம்பு அவள் வாயில் பட்டது. முன்பல் இரண்டும் போயின. அவள் விழவில்லை. புருஷன்மேல் காலை அகட்டி நின்று மண்வாரியை ஓங்கினாள்.

“இன்னும் ஒரு அடி அவன்மேல பட்டா தலையப் பொளந்துடுவேன் டின்னி. சத்தியமா.”

“இயேசு மரி சூசை! ஜெல், உன்ன அடிக்கணும்னு நினைக்கல.”

“அடிச்சாச்சுல்ல. போ.”

டின்னி காம்பைக் கீழே போட்டான். “உன்ன அடிச்சதுக்கு மன்னிச்சுக்க. அவன அடிச்சதுக்கு எவன்கிட்டயும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

“நானும் கேக்கச் சொல்லல. தம்பி காதப் பிடி, விழுந்துரும்.”

அவர்கள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்கள். அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டு, புருஷனைத் தோளில் சாய்த்து உள்ளே கொண்டுபோனாள். இதுதான் பயந்தாங்கொள்ளி செய்கிற காரியமா? கேட்கிறவர்கள் சொல்லட்டும்.

குளிர்காலம் முழுக்கக் குவாரி மூடிக் கிடந்தது. வசந்தத்தில் திரும்பத் திறக்க வேண்டும் என்றான் லோர்கன். அதற்கு ரூனி வீட்டை அடமானம் வைக்க வேண்டும். அவள் தாய் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள், வீடு மஜெல்லாவுடையது. வேண்டாம் என்று நான் அவளிடம் மூன்று விதமாகச் சொன்னேன்.

“வளைவுல பாதில இறங்க முடியாது மிஸஸ் கிர்வன்,” என்றாள், பல் இல்லாத வாயால். “அவன் ஓட்டறான், நான் தொங்கறேன். அப்படித்தான் ஆரம்பிச்சோம்.”

“வீடு போயிரும்டி.”

“போனா போகட்டும். ரெண்டு பேரும் சேந்துதான தெருவுல நிப்போம்.”

வைத்தாள். மனதாரத்தான் வைத்தாள். நஷ்டத்துக்குப் பயந்து ஓடினாள் என்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். போகக்கூடிய அத்தனையையும் அவள் தன் கையால் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த வசந்தத்தில் மேலே ஏறினாள். ஊரில் ஒருவன்கூட வேலைக்கு வரவில்லை. அதனால் வாய் ஓரத்துத் தகட்டில் இனி அவள்தான், ஒவ்வொரு தடவையும்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். முதல் நாளே, எஞ்சின் கிளப்புவதற்கு முன்னால், முற்றத்தில் வைத்துக் கேட்டாள். நான் முட்டை கொண்டுபோயிருந்தேன், என் முன்னால்தான் கேட்டாள்.

“லோர்கன், கம்பிய இழுக்கறதுக்கு முன்னால திரும்பி என்னப் பாரு.”

“என்ன?”

“கழுத்தத் திருப்பு. நான் கீழ நிக்கறத கண்ணால பாரு. அப்புறம் இழு.”

அவன் முகம் மாறிவிட்டது. கன்னத்தில் அறைந்தால்கூட அப்படி மாறியிருக்காது. “எத்தன வருஷம் எம் பின்னால தொங்கின? ஒரு தடவயாச்சும் திரும்பினேனா? ஒரு தடவயாச்சும் உன்னத் தவறவிட்டேனா?”

“இல்ல.”

“அப்ப?”

“மேட்டிக்கு ஒரு கை இல்ல, லோர்கன்.”

“மேட்டி நீ இல்ல! மேட்டியோட எடை எனக்குத் தெரியாது. உன்னது தெரியும். திரும்பிப் பாக்கறவன் ஓட்டத் தெரியாதவன்.”

“இது வண்டி இல்லடா.”

“எல்லாம் வண்டிதான்.”

அவன் எஞ்சினைக் கிளப்பிவிட்டான். அவள் நின்று பார்த்தாள், பிறகு ஏறினாள். ஒவ்வொரு தடவையும் இறங்கியபின் மறுபடி கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் தோளைக் குலுக்கினான். ஒரு நாள் அவள் கேட்பதை விட்டுவிட்டு, போய் எஞ்சினையே நிறுத்திவிட்டு மேலே ஏறினாள். அவன் அவளைக் காலைப் பிடித்து இழுத்து இறக்கி, முகத்தில் குத்தினான். மூடிய கையால். அவள் மண்வாரியால் அவன் முழங்கால் எலும்பில் ஒன்று வைத்தாள். இருவரும் ஜல்லிக் குவியலில் விழுந்து நாய்கள் போலப் புரண்டார்கள். நான் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியபிறகுதான் விட்டார்கள். அவளுக்குக் கண் வீங்கி மூடிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எல்லாரும் பார்த்தார்கள். அப்போது ஊர் எதுவும் சொல்லவில்லை. புருஷன் பொண்டாட்டி விஷயம் என்றது.

அவள் போன நாள் நான் அவர்கள் அடுப்படியில் இருந்தேன். மோர் கொண்டுபோயிருந்தேன். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அலமாரித் தட்டெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. தாடை நின்று எஞ்சின் மட்டும் உறுமியது, பாறை சிக்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். பிறகு தாடை மறுபடி மென்றது. கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே வந்தாள். உடம்பு முழுக்கச் சாம்பல் தூசி. அதன்கீழ் முகம் அதைவிட வெளுத்திருந்தது.

“என்னடி, அடி பட்டிருச்சா?”

“இல்ல மிஸஸ் கிர்வன்.” குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். “பாறைய எடுத்துட்டேன். எடுத்துட்டுத் தள்ளி, ஓரத்துல, எட்டாத இடத்துல நின்னுக்கிட்டேன். குதிக்கல. கடப்பாரைய மட்டும் தகட்டுல போட்டேன்.”

“ஏண்டி?”

“பாப்போம்னு.”

“அப்புறம்?”

“இழுத்தான்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் என் கண் முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள். அதற்குள் எஞ்சின் சத்தம் நின்றது. லோர்கன் அந்த மெஷினை மாலைக்கு முன்னால் நிறுத்தியது அன்றைக்குத்தான். கடப்பாரையோடு உள்ளே வந்தான்.

“வேணும்னேதான் போட்ட.”

“ஆமா.”

“என்னச் சோதிக்கிறியா? எம் பொண்டாட்டி என்னச் சோதிக்கிறியா?”

“சோதிச்சாச்சு. முடிஞ்சது.”

“நீ குதிச்சன்னு நினைச்சேன். எப்பவும் போல...”

“நான் மேல நின்னுக்கிட்டுப் பாத்தேன் லோர்கன். உன் முதுகப் பாத்துக்கிட்டே நின்னேன். தாடை அசைஞ்சது.”

அவன் கடப்பாரையை மேசைமேல் அடித்தான். மோர்ச்சட்டி உடைந்து தரையெல்லாம் வெள்ளை. “தொழில்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும்! என் வீடு, என் பேரு, எல்லாம் இதுல இருக்கு! ரேஸுல உசுரப் பணயம் வச்சவ நீ, இப்பப் பயந்து சாகறியா?”

“என் வீடு,” என்றாள் அவள். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “வண்டில நான் பயந்ததே இல்ல. ஏன்னு உனக்குத் தெரியல. நான் சுவத்துல மோதினா நீயும் மோதுவ. உன் தோளும் உடையும், என் இடுப்பும் கிழியும், ஒரே ஆம்புலன்ஸ்ல போவோம். இதுல நீ மோத மாட்ட. நீ கம்பிகிட்ட நிப்ப.”

“திரும்பிப் பாக்கறேன். சரியா? நாளைலேந்து பாக்கறேன். போதுமா?”

“யாராச்சும் ஆளு வச்சுக்க. அவனப் பாரு.”

“எவன் வருவான்? எவனும் வர மாட்டான், உனக்குத் தெரியும்! நீ போனா எல்லாம் போச்சு.”

“தெரியும்.”

அவன் அவள் தலைமுடியைப் பிடித்தான். பின்னலை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். தலை பின்னால் மடங்கியது, தொண்டை நரம்பு தெரிந்தது. மறு கையில் கடப்பாரை இருந்தது. அதை ஓங்கினானா என்று கேட்டால், ஓங்கினான். நான் பார்த்தேன். அவள் கண் அடுப்பைத்தான் பார்த்தது. கையை நீட்டி உருளைக்கிழங்குப் பானையைக் காதோடு பிடித்துப் பின்னால் கவிழ்த்தாள். கொதிநீர் அவன் தொடையிலும் பூட்ஸுக்குள்ளும் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு பின்னலை விட்டான். அவள் உள்ளங்கையும் வெந்து சிவந்துவிட்டது, அதை அவள் பார்க்கவே இல்லை. அவன் தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தெரியாமல் கழற்றிக்கொண்டிருந்தான்.

“பச்சத்தண்ணி ஊத்துங்க மிஸஸ் கிர்வன். எண்ணெய் தடவாதீங்க,” என்றாள்.

“நீ எங்கடி போற?”

“பஸ்ஸுக்கு.”

“அதுக்கப்புறம்?”

“ஏறினப்புறம் யோசிப்பேன்.”

அவன் தரையிலிருந்து, “ஜெல்,” என்றான். முன்பு என் சுவரடியில் கூப்பிட்ட அதே குரல் இல்லை அது, ஆனால் பக்கத்தில் வரக்கூடிய குரல்தான். அவள் உதடு நடுங்கியது. அவளுக்கு மனசு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். தாழ்ப்பாள்மேல் கை வைத்தாள். வெந்த கையாதலால் பிடி வழுக்கியது. மழைக்காலத்தில் உப்பிப்போகும் பழைய கதவு, ஒரு இழுப்புக்கு வராது.

நான் எழுந்து போய் அதை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தேன். அவள் போகிறவரை பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபிலோமினா அதையும் தபாலாபீசில் சொல்லிக்கொள்ளட்டும். அவள் படியிறங்கி, முற்றத்து ஜல்லியில் நடந்து, கேட்டைத் தாண்டிச் சாலைக்குப் போனாள். நான் உள்ளே வந்து, வாளியை எடுத்து, அவன் காலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன்.